ஸ்டெபிலைசர் தேவையில்லை

2024 ஏப்ரலில், ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தொட்ட வாரத்தில், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றது. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது. குளிர் மட்டும் இல்லை. முதல் நாள் ஆட்டி வைத்த மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்திருந்தது. மாவும் தயிரும் போனால் போகட்டும். நடுத்தட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள் அம்மாவின் இன்சுலின் இருந்தது.

அம்மாவுக்குக் காலையும் இரவும் ஊசி. பிரித்த குப்பியை நாலு வாரம்போல வெளியே வைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அறையின் சூடு 25, 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். வீரப்பன்சத்திரத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் சமையலறையில் சித்திரை மாதம் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். புதுக் குப்பிகளைப் பக்கத்து வீட்டு அக்கா தன் ஃப்ரிட்ஜில் வாங்கி வைத்துக்கொண்டார். பிரித்த குப்பிக்கு அம்மாவே வழி கண்டுபிடித்தார். பெரிய மண்பானையில் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் டப்பா, மேலே ஈரத்துணி. மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. எங்கள் டாக்டர் கேட்டுவிட்டு, ஏற்பாடு சரிதான், ஆனால் சீக்கிரம் ஃப்ரிட்ஜைப் பாருங்கள் என்றார்.

அந்த ஃப்ரிட்ஜ் 2022 தீபாவளிக்கு முன்னால் பெருந்துறை ரோட்டில் ஒரு பெரிய ஷோரூமில் வாங்கியது. கதவில் மூன்று ஸ்டிக்கர்கள். ஒன்று, நட்சத்திரம் போட்ட மின்சிக்கன முத்திரை. அடுத்தது, "10 வருட வாரண்டி". மூன்றாவது, "ஸ்டெபிலைசர் தேவையில்லை". அதற்குக் கீழே எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்ற கணக்கு. நான் பார்த்து வாங்கியது அந்த மூன்றாவதை. எங்கள் பக்கம் விசைத்தறிப் பக்கம். சுற்றிலும் தறி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், தறி நின்றால் ஏறும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்டே இல்லாமல் கிடந்தோமே, அப்போது கரண்ட் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எந்தச் சாமான் புகைவிடுமோ என்று ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிப் பழகிய வீடு எங்களுடையது. விற்பனைப் பையன், "இதுக்கு ஸ்டெபிலைசரே வேண்டாங்கக்கா, எல்லாம் உள்ளயே வெச்சுத்தான் வருது" என்றார். பில் போடும் இடத்தில் இன்னொருவர், ஒரு வருட வாரண்டி முடிந்த பிறகு இன்னும் இரண்டு வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கொள்ளச் சொன்னார். எது போனாலும் ஒரு ரூபாய் செலவில்லை என்றார். அதற்கும் தனியாகப் பணம் கட்டினேன்.

செல்போன் எண் சொன்னால்தான் பில் வரும் என்றார்கள். கொடுத்தேன். அன்று தொடங்கிய விளம்பரச் செய்திகள் இன்றும் நிற்கவில்லை. செல் நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் பனியன் வாங்கப் போனாலும் முதலில் நம்பரைத்தான் கேட்கிறார்கள். வயதானவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நான் இப்போது தருவதில்லை. சண்டை போடாமல், தர மாட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். பில் வந்துவிடுகிறது.

ஃப்ரிட்ஜ் நின்ற அன்றே கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு எந்த எண் என்று கேட்டு அழுத்தியும், பதிவுக்குரல்தான் தமிழில் வந்தது, மனிதக் குரல் ஆங்கிலத்தில் வந்தது. வாரண்டி போன அக்டோபரில் முடிந்துவிட்டது என்றார்கள். கதவிலேயே 10 வருடம் என்று ஒட்டியிருக்கிறதே என்றேன். அது கம்ப்ரசருக்கு மட்டும், மற்ற பாகங்களுக்கு ஒரு வருடம்தான் என்றார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எண்ணுக்கு அடித்தால் அது வேறொரு கம்பெனி. கம்பெனி ஆள் பார்த்து, என்ன போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் க்ளெய்ம் எடுப்போம் என்றார்கள். மறுபடி முதல் எண். அந்த வாரண்டி நாங்கள் விற்றதில்லை, அதற்கு நாங்கள் எழுதிக் கொடுப்பதில்லை. ஷோரூமைக் கேட்டால், டோல்ஃப்ரீ நம்பருக்கு அடியுங்கள்.

யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. எல்லோரும் பணிவாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஆள். பில் நம்பர், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பின்கோடு, ஃப்ரிட்ஜுக்குள் சாமான் நிறைய அடைத்திருக்கிறீர்களா என்ற கேள்வி, எல்லாம் முதலிலிருந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "ஊசி மருந்து கெட்டுப்போகும்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு கண்ணு. கேட்டா மனசு எளகாதா?" என்றார். சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மனசு இளகத்தான் செய்தது, குரலிலேயே தெரிந்தது. ஆனால் அவர் முன்னால் இருக்கும் திரையில் அதை எழுத இடமில்லையாம். 'கூலிங் இல்லை' என்று ஒரு வகை இருக்கிறது, அதில்தான் போட முடியும், அவசரம் என்று போட எனக்கு வழியில்லை மேடம் என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்பவர் மனுஷி, சொல்பவள் மனுஷி. நடுவில் எவரோ கட்டிவைத்த பெட்டிகளுக்குள் அடங்காத எந்த விஷயமும் அந்தப் பக்கம் போய்ச் சேராது.

விசிட்டிங் சார்ஜ் கட்டுகிறேன், யாராவது வாருங்கள் என்று சொன்ன பிறகு சித்தோட்டிலிருந்து ஒரு பையன் வந்தார். வெயிலில் பைக்கில் வந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. அம்மா முதலில் அவருக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தார். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, அதை ஓட்டும் போர்டு போய்விட்டது என்றார். உள்ளங்கை அகலப் பச்சை அட்டை, ஒரு ஓரத்தில் கருகல்.

"போர்டு ஆர்டர் போடோணுங்கக்கா. கோயம்புத்தூர் ஸ்டாக்குல இல்ல. வந்ததும் நானே மாட்டித் தர்றேன். இப்ப உங்க போனுக்கு ஒரு ஹேப்பி கோடு வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க."

வேலை திருப்தியாக முடிந்தது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் எண் அது. ஃப்ரிட்ஜ் தரையில் திறந்து கிடக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு நின்றார். இந்த சர்வீஸ் கால் இன்றைக்குள் க்ளோஸ் ஆகாவிட்டால் அவர் கணக்கில் பாக்கி என்று விழும், பணத்தில் பிடிப்பார்கள். போர்டு வந்ததும் புதுக் கால் போட்டுக்கொள்ளலாம் என்று மேலிருந்தே சொல்லித்தான் அனுப்புகிறார்களாம். "மாசச் சம்பளமெல்லாம் இல்லீங்கக்கா. ஒரு காலுக்கு இவ்வளவுன்னுதான் தர்றாங்க."

நான் கோடு தரவில்லை. அவருடைய ஜாப் ஷீட்டிலேயே 'போர்டு பழுது, மாற்று போர்டு இல்லாததால் வேலை முடியவில்லை' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் மேலே இருப்பவர்களுக்குக் காட்டட்டும் என்று அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பினேன். அன்று மாலையே எனக்கொரு செய்தி வந்தது. உங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் போர்டு பழுது, இது வாரண்டியில் வராது.

ஷோரூமுக்கு நேரில் போனேன். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் பாட்டில் வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க வித்துக் குடுக்கறதோட சரிங்க. சர்வீஸெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்றார். அந்த நிமிடம் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா ஈஸ்வரன் கோயில் வீதியில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெட்ஷீட், துண்டு, வேட்டி. சரக்கில் பாதி சென்னிமலையிலிருந்து வரும். நான் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்திருந்த ஒரு நாள், சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அப்பாவிடம் வாங்கிய கட்டம்போட்ட சிவப்புப் போர்வையைத் துவைத்தபோது சாயம் இறங்கி, கூட ஊறவைத்த வெள்ளை வேட்டிகளில் ஏறிவிட்டது. இரண்டையும் மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தார். பில் இல்லை. அந்தக் காலத்தில் கேட்டால்தான் பில், கேட்டால் விலையும் ஏறும், அதுவும் நடந்ததுதான். அப்பா போர்வையை விரித்து, ஓரத்தில் தைத்திருந்த நூலைப் பார்த்து, தன் சரக்குதான் என்று தெரிந்துகொண்டார். வேறு போர்வை கொடுத்தார். அலமாரியிலிருந்து ஒரு வேட்டியும் எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும், "சாயம் போட்டது நீங்க இல்லையேப்பா?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் என்ற மூஞ்சியப் பாத்துத்தான வாங்கிட்டுப் போனாரு கண்ணு. சாயம் போட்டவன அவருக்குத் தெரியுமா?"

மறுநாள் அந்தப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு சென்னிமலை பஸ் ஏறினார். நெசவுக்காரரிடம் அதற்கான காசை வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வாங்காவிட்டாலும் அது அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு. சிவகிரிக்காரரைச் சென்னிமலைக்கு அனுப்புவது என்ற நினைப்பே அப்பாவுக்கு வந்திருக்காது. செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தைக்கு நாலு மாநில வியாபாரிகள் வருகிற ஊர் இது. கொடுத்த வாக்குக்குக் கடைக்காரர் பொறுப்பு என்பதில்தான் அந்தச் சந்தையின் கடன் வியாபாரம் முழுவதும் நின்றது. அதே ஊரில், அதைவிட நூறு மடங்கு பெரிய கடை, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடை, விற்றதோடு சரி என்கிறது.

இந்தப் பக்கத்துக்கு இயந்திரம் ஒன்றும் புதிதில்லை. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் அது. 1955இல் கோவை பி.சபாபதி மாவாட்டும் உரலுக்கு மோட்டார் மாட்டி கிரைண்டர் ஆக்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். அம்மாவின் கிரைண்டர் நான் பிறந்த வருடத்தில் வாங்கியது. இரண்டு முறை காயில் கட்டியிருக்கிறது, பெல்ட் பல முறை மாறியிருக்கிறது, கல்லுக்கு அவ்வப்போது கொத்து. ஊத்துக்குளிக் கல், தேய்வேனா என்கிறது. அது நின்றால் மேட்டூர் ரோட்டில் உள்ள வைண்டிங் கடைக்கு ஆட்டோவில் ஏற்றினால் போதும்.

அந்த வைண்டிங் கடைக்காரரை அழைத்து வந்து ஃப்ரிட்ஜைக் காட்டினேன். அப்பா காலத்துப் பழக்கம், மாமா என்றுதான் கூப்பிடுவேன். குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார்.

"நான் தொட்டேன்னா அதையே சாக்கா வெச்சு வாரண்டி இல்லம்பாங்க அம்மணி. இதுல என்ன எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், ரெண்டு சாமான் மாத்தினா ஓடும். ஆனா சர்க்யூட் படம் வெளிய தரமாட்டாங்க. உள்ள புரோகிராம் வேற போட்டிருப்பாங்க. போர்டோட தூக்கிப் போடறதுதான் இப்ப சர்வீஸு."

கை நிறையத் தொழில் வைத்திருக்கும் மனிதர், தொடக்கூட அஞ்சி நின்றார். பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022இல் ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் நான்கும் அதில் அடக்கம். கம்பெனிகள் விரும்பினால் விவரம் போடும் இணையதளம் அது, கட்டாயப்படுத்தும் சட்டமில்லை. கொங்கு நாட்டில் எத்தனை ஆயிரம் பேருக்கு மோட்டாரையும் கம்ப்ரசரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரியும் என்று நினைத்தால், அந்தச் சட்டம் வராததால் போவது ஃப்ரிட்ஜ் மட்டுமில்லை, ஒரு தலைமுறையின் தொழிலும் போகிறது என்று எனக்குப் படுகிறது.

மாமா கிளம்பும்போது கதவைப் பார்த்து நின்றார். "ஏனம்மணி, ஸ்டெபிலைசர் வேண்டாம்னு இதுலயே போட்டிருக்குது. அப்புறம் எப்படி வோல்டேஜ்ல போச்சுங்கறாங்க?"

அன்று இரவே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஷோரூம், கம்பெனி, எக்ஸ்டெண்டட் வாரண்டிக்காரர்கள், மூவருக்கும் ஒரே கடிதம். ஒவ்வொருவரும் மற்ற இருவர் பெயரையும் பார்க்கும்படி மேலேயே மூன்று முகவரியும் போட்டேன். மூன்று ஸ்டிக்கரின் படம், பில் நகல், வாரண்டிக்குக் கட்டிய ரசீது, ஜாப் ஷீட், 'நிவர்த்தி செய்யப்பட்டது' என்ற செய்தி, 'வோல்டேஜ்' என்ற செய்தி எல்லாம் இணைப்பு. ஒரே கேள்வி: இத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று எழுதி விற்ற பொருளுக்கு, எத்தனை வோல்ட் வந்ததால் பழுது என்று உங்களில் யார் அளந்தீர்கள்? எப்போது அளந்தீர்கள்?

சட்டத்தையும் எழுதினேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள். கம்பெனி தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி இது. விற்றவர், தயாரித்தவர் இருவரையும் எதிர்தரப்பில் சேர்க்கலாம். பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரை ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இவ்வளவு நல்ல சட்டத்தை வைத்துக்கொண்டு நம்மில் பெரும்பாலோர் டோல்ஃப்ரீ நம்பருக்குப் போன் போட்டுப் போன் போட்டு ஓய்ந்துபோகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். அங்கே கடைசிவரை தமிழிலேயே பேசினார்கள். புகார் எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பினார்கள். கடிதங்களைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

ஒப்புகை அட்டைகள் திரும்பிவந்த அதே வாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். முதல் முறையாகத் தன் பெயரையும் பதவியையும் சொல்லிப் பேசியவர் அவர்தான். கோயம்புத்தூரில் இல்லாத போர்டு இரண்டு நாளில் வந்தது. சித்தோட்டுப் பையன்தான் வந்து மாட்டினார், விசிட்டிங் சார்ஜும் திரும்ப வந்தது. இந்த முறை நானே ஹேப்பி கோடைச் சொன்னேன். அம்மா அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. தறிக்காரர் வீட்டு அக்கா தன் வாஷிங் மெஷின் பில்லைக் கொண்டுவந்தார். பில்லில் ஒரு எழுத்தும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் சூட்டில் அச்சடிக்கும் தாள் ஒரு கோடைகூடத் தாங்காது. வாங்கிய அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். நல்லவேளை, கடைக் கணக்கில் அவர் பெயருக்குப் பில் இருந்தது. எழுதிக் கேட்டதும் மறுநகல் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு கடிதத்திலேயே வேலை முடிந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணின் விவகாரம் அப்படி முடியவில்லை. மகன் கல்லூரிக்குப் போகிறான் என்று தறிக்கூலியில் சேர்த்து வைத்து வாங்கிய செல்போன். ஒரு மாதத்தில் திரை பச்சைக் கோடு விழுந்து போனது. உள்ளே ஈரம் பட்டிருக்கிறது என்று சொல்லிக் கம்பெனி கைவிரித்தது. ஈரம் எங்கே பட்டது என்று படமும் தரவில்லை, போனைத் திறந்தும் காட்டவில்லை. கடிதம், 1915 எல்லாம் பார்த்துவிட்டு, இ-தாக்கில் தளத்தில் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டோம். போன் அவர் பெயரில் வாங்கியது, ஆகவே மனுதாரர் அவர்தான். வாய்தா அன்று தறிக்குப் போகாமல் கூலி இழந்து வந்து நின்றார். கம்பெனித் தரப்பு வக்கீல் பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டார். பதில் தர 30 நாள், தேவைப்பட்டால் மேலும் 15 நாள், அதைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அந்த 45ஆவது நாள் வருகிற வாய்தாவுக்கு முன்பே முடிகிறது. தீர்ப்பின் அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து அவர் ஃபைலில் வைத்திருக்கிறேன். எங்கே கோடு போட்டிருக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று தினமும் தறிவிட்டு வந்ததும் ஒரு தரம் படித்துப் பார்த்துக்கொள்கிறார்.